சான்றிதழுக்கும் வேலைக்கும் நடுவே: இராமநாதபுரம் கடற்கரையின் எலக்ட்ரீஷியன் பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டத் திறன் பயிற்சி அலுவலர் அவர்களுக்கும், நம் மாவட்டத்து அரசு மற்றும் தனியார் தொழிற்பயிற்சி நிலைய முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட கடற்கரையில் மின்பணிகளை ஒப்பந்தம் எடுத்து நெடுங்காலமாகச் செய்து வருபவன் நான். வீடுகள், தங்கும் விடுதிகள், ஐஸ் கம்பெனிகள், இறால் பண்ணைகள் என்று இங்கே மின்சாரம் புழங்கும் இடங்கள் பெரும்பாலானவற்றில் என் கைபட்டிருக்கிறது. என்னிடம் வேலை கேட்டு வரும் பிள்ளைகளில் பலர் எலக்ட்ரீஷியன் பிரிவில் ஈராண்டு படித்து, அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறி, தேசியத் தொழிற்சான்றிதழைக் கையில் வைத்திருப்பவர்கள். "அடுத்து என்ன செய்யப் போகிறாய், தம்பி?" என்று அவர்களைக் கேட்டால் இரண்டு பதில்களில் ஒன்றுதான் வருகிறது. "ஈ.பி.யில் ஆள் எடுப்பார்களாம், எழுதிப் பார்க்கணும் அண்ணே" என்பது ஒன்று, "மச்சான் விசா அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு" என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் இடையில் எத்தனையோ வழிகள் திறந்து கிடக்கின்றன என்பதை அவர்களுக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லவில்லை.

சொல்லாதது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அந்த வழிகளில் முக்கியமானவற்றின் வாசலில் கேட்கப்படும் இரண்டு தாள்கள் நம் பிள்ளைகளிடம் இல்லாதிருப்பது. ஒன்று, தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சியை முடித்ததற்கான தேசியச் சான்றிதழ். மற்றொன்று, தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் மின்கம்பியாளர் தகுதிச் சான்று. இவ்விரண்டையும் நம் மாவட்டத்துக்குள்ளேயே பெறும்படி செய்து தர வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். மற்றவையெல்லாம் இந்தக் கோரிக்கை ஏன் நியாயமானது என்பதற்கான விளக்கங்கள்.

கடலோரத்து மின்பணி மேட்டுநிலத்து மின்பணியைப் போன்றதன்று. இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஓர் ஐஸ் கம்பெனியின் பேனல் கதவைத் திறந்து பார்த்தால், செப்புக் கம்பி அதன் முனையில் மாட்டும் உலோக இணைப்பான லக்கோடு சேரும் இடத்தில் பச்சைப் பொடி பூத்திருக்கும். தொட்டால் உதிரும். அந்தப் பொடி படிந்த இணைப்பில் மின்னோட்டத்துக்கான தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் கம்பியின் மேலுறை கருகும், ஒருநாள் மூன்று பேஸில் ஒன்று விட்டுப்போய் கம்ப்ரஸர் மோட்டார் இரண்டு பேஸில் முனகிக்கொண்டு ஓடி எரிந்துபோகும். முதலாளி மோட்டார் கம்பெனியைத் திட்டுவார். எரிந்ததன் காரணமோ அந்தக் கட்டைவிரல் அளவு லக்கில் இருக்கிறது. பனிக்காலத்து விடியலில் மின்கம்பத்துப் பீங்கான்களில் படிந்த உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கடத்தத் தொடங்கி, சரசரவென்று பொறி பறந்து, லைன் டிரிப் ஆவதை இந்தக் கரையில் வாழ்பவர்கள் அனைவரும் பார்த்திருக்கிறார்கள். எர்த் போடுவதும் அப்படித்தான். மேடான உலர் மணலில் எர்த் தடை இறங்கவே இறங்காது. உவர்நீர் ஊறும் பள்ளத்தில் தடை சட்டென்று இறங்கிவிடும், ஆனால் எர்த்துக்காகப் புதைத்த ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், சில ஆண்டுகளில் அரித்துக் காணாமல் போய்விடும். குழாய் இருக்கிறதா இல்லையா என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. எர்த் டெஸ்டர் வைத்து அளந்தால்தான் தெரியும்.

இறால் பண்ணைகளை நினைத்தால் எனக்கு உள்ளபடியே கவலை வருகிறது. குளத்து நீரில் காற்று கலக்கும் ஏரேட்டர்கள் இரவு முழுவதும் ஓடுகின்றன. அவற்றுக்குப் போகும் கேபிளை நடுவில் ஒட்டுப் போட்டு, கருப்பு டேப் சுற்றி, கரையோரத்தில் கிடத்தியிருப்பார்கள். உவர்நீரில் இடுப்பளவு நின்று வேலை செய்யும் ஒருவருக்கும் மரணத்துக்கும் இடையே இருப்பது அந்த டேப் சுற்று மட்டுமே. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்றைப் பொருத்தி, மோட்டார் உடலை முறைப்படி எர்த் செய்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள் பல. இதைச் செய்யத் தெரிந்த, செய்யும் உரிமையும் உள்ள ஆள் பண்ணைக்குப் பக்கத்து ஊரிலேயே இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிய பேச்சு அவர்கள் சம்பளத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. நம் கரையின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சும் ஆகும்.

இந்த மாவட்டத்தில் வேலை இல்லை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. வளர்ச்சியில் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் மத்திய அரசு 2018இல் நம்மைச் சேர்த்ததும் உண்மைதான். ஆயினும் மின்சாரத்தைப் பொறுத்தவரை நாம் வறியவர்கள் அல்லர். கமுதி அருகே செங்கப்படைப் பகுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இலிருந்து இயங்குகிறது; அங்கே 25 இலட்சம் தகடுகள் வெயிலைப் பார்த்து நிற்கின்றன. வழுதூரில் எரிவாயுவால் இயங்கும் அரசு மின் நிலையம் இருக்கிறது. வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் இருக்கின்றன. பாத்திகளுக்குக் கடல்நீர் ஏற்றும் பம்புகள் நின்றால் அங்கே வேலையே நின்றுவிடும். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம் இருக்கிறது. இராமேசுவரத்தில் லிஃப்டும் ஜெனரேட்டரும் இல்லாத பெரிய விடுதி இல்லை.

பாம்பன் பாலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் தூக்கு இரும்புப் பகுதியை ஆட்கள் கைவலிமையால் சுழற்றித் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. அதை உயர்த்துவது மின்மோட்டார்களும் அவற்றைக் கட்டுப்படுத்தும் கருவிகளும்தான். கப்பல் போக வழிவிடும் அந்தப் பொறியைப் பழுதின்றி வைத்திருப்பது, சாரமாகச் சொன்னால், மின்பணி. அந்தப் பாலத்தைத் தினமும் பார்த்து வளரும் தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன், ஒருநாள் அதன் கட்டுப்பாட்டு அறையில் தானும் உட்காரலாம் என்று நினைப்பதற்கு அவனுக்கு வழி தெரிந்திருக்க வேண்டாமா?

முதல் தாளுக்கு வருகிறேன். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும், ஒப்பந்தப் பணியாளரையும் சேர்த்துக் கணக்கிட்டு, மொத்தத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநர்களை எடுத்தாக வேண்டும். இது சலுகை அன்று, கடமை. தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவை முடித்தவர் ஓராண்டு பழகுநராக உதவித்தொகையுடன் வேலை கற்று, தேர்வெழுதித் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் பெறலாம். இந்தச் சான்றிதழின் மதிப்பை நம் பிள்ளைகள் அறியவில்லை. இரயில்வே நிறுவனங்களில் பழகுநர் பயிற்சியை முடித்தவர்களுக்கு இரயில்வேயின் தொடக்க நிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. தெற்கு இரயில்வே பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் முதலிய இடங்களில் ஆயிரக்கணக்கில் பழகுநர்களை எடுக்கும்போது எழுத்துத் தேர்வே வைப்பதில்லை; மதிப்பெண் வரிசைதான். நல்ல மதிப்பெண் வைத்துக்கொண்டு, அறிவிப்பு வந்ததே தெரியாமல், பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நான் அறிவேன்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய ஆலை ஒன்றில், இடைத்தரகு ஒப்பந்தக்காரர் ஒருவர் வழியாக, மூன்றாண்டுகள் பராமரிப்பு வேலை பார்த்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். கேபிள் முனை கட்டுவதிலும் பழுது கண்டுபிடிப்பதிலும் தேர்ந்த கை. ஆனால் அவர் அங்கே வேலை செய்ததற்குத் துண்டுச்சீட்டுகூட இல்லை. பழகுநராகப் பதியவும் இல்லை, அனுபவச் சான்றும் தரவில்லை; கேட்டதற்கு ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மூன்றாண்டு உழைப்பு தாளில் ஏறாததால், அவர் மறுபடியும் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. சட்டப்படி பழகுநர் எடுக்க வேண்டிய நிறுவனங்கள் இந்த மாவட்டத்தில் எவை, அவை எத்தனை பேரை எடுத்திருக்கின்றன என்ற பட்டியலை ஆட்சியர் அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிட்டால், இப்படிப்பட்ட கதைகள் பாதியாகக் குறையும்.

இரண்டாவது தாள், மின்கம்பியாளர் தகுதிச் சான்று. மின்சாரம் வழங்கல் மற்றும் பாதுகாப்பு குறித்த மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள், 2023இல் புதுப்பிக்கப்பட்டவை, மின்னமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வழியாக, தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்கின்றன. ஆகவே தேசியத் தொழிற்சான்றிதழ் ஒருவருக்கு வேலை தெரியும் என்பதைக் காட்டுகிறதே தவிர, பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் உரிமையைத் தருவதில்லை. அந்த உரிமை மின் உரிமம் வழங்கும் வாரியத்திடமிருந்து வருகிறது. மின்கம்பியாளர் தகுதிச் சான்று, அதற்குமேல் மேற்பார்வையாளர் தகுதிச் சான்று, அதற்குமேல் ஒப்பந்தக்காரர் உரிமம் என்று படிப்படியாக ஏறலாம். தொழிற்பயிற்சி நிலையத்துப் படிவாசலையே மிதிக்காமல், அப்பாவோடும் அண்ணனோடும் வயரிங் வேலைக்குப் போய்க் கற்றவர்களுக்கும் கதவு அடைக்கப்படவில்லை. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை, 21 வயது நிரம்பி 5 ஆண்டு செய்முறை அனுபவம் உள்ளவர்கள் எழுதலாம். உச்ச வயது வரம்பு கிடையாது. நாற்பது வயதில் இந்தத் தேர்வை எழுதி, பிறகு தலைநிமிர்ந்து தன் பெயரில் வேலை எடுக்கத் தொடங்கியவர்கள் எங்கள் தொழிலில் உண்டு.

இங்கே இடர் எங்கே வருகிறது என்றால், வாரியம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இராமேசுவரம் தமிழ்நாட்டின் மறுமுனையில் இருக்கிறது. படிவத்தில் ஒரு வரி தவறினாலும், அனுபவச் சான்றின் வாசகம் பிசகினாலும் விண்ணப்பம் திரும்பி வரும். திரும்பி வந்த கடிதத்தைப் புரிந்துகொள்ள முடியாமல் அதோடு விட்டுவிடுபவர்களே மிகுதி. ஒப்பந்தக்காரரின் லைசென்ஸ் எண்ணைக் கடன் வாங்கி வேலையை முடித்துவிட்டு, கூலியில் பெரும்பகுதியை அவருக்குக் கொடுத்துவிட்டுக் காலம் தள்ளுகிறார்கள். இதை நான் ஒப்பந்தக்காரனாக இருந்துகொண்டே சொல்கிறேன்: எங்கள் தொழிலில் இந்த வழக்கம் ஒழிய வேண்டும்.

இந்த இரண்டு தாள்களும் கைக்கு வந்தபின் ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தொழிற்பயிற்சி நிலையத்தின் முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மின்வாரிய வேலையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அதை எல்லாரும் அறிவார்கள். கள உதவியாளராகச் சேர்ந்தால் கம்பியாளர், மின்பாதை ஆய்வாளர், போர்மேன் என்று ஏறலாம். ஆனால் இப்போது அந்த ஆளெடுப்பு டி.என்.பி.எஸ்.சி. வழியாக நடக்கிறது; 2025இல் 1,794 கள உதவியாளர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. வேலை தெரிந்தால் போதும் என்றிருந்த காலம் போய், எழுத்துத் தேர்வுக்கு உட்கார்ந்து படிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. பட்டதாரிகளுக்குத் தொகுதித் தேர்வுப் பயிற்சி நடத்தும் வேலைவாய்ப்பு அலுவலகத் தன்னார்வப் பயிலும் வட்டம், ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கும் அவர்கள் பாடத்திலேயே பயிற்சி தரலாம் அல்லவா? 2018 நவம்பரில் கஜா புயல் இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல மாவட்டங்களிலிருந்து மின்பணியாளர்கள் போய் வயலிலும் சேற்றிலும் நின்று கம்பம் நட்டு வெளிச்சம் கொடுத்தார்கள். அந்தப் பணியின் பெருமையைச் சொல்லித்தான் பிள்ளைகளை அந்தத் தேர்வுக்கு அழைக்க வேண்டும்.

இரயில்வேயில் உதவி இன்ஜின் ஓட்டுநர் பணிக்குப் பத்தாம் வகுப்போடு எலக்ட்ரீஷியன் ஐ.டி.ஐ. போதும் என்பதை இங்கே பலர் நம்பவே மறுக்கிறார்கள். தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். சரக்கு வண்டி, பயணிகள் வண்டி, விரைவு வண்டி என்று ஓட்டுநராக உயரலாம். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். கண்பார்வைக்கு மிகக் கடுமையான தகுதி வைத்திருக்கிறார்கள். கண்ணாடி போட்டவர்களை எடுப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், கண்ணாடி போட்ட பிள்ளை வீணாகப் பாடுபடாமல் அதே இரயில்வேயின் டெக்னீசியன் பணிக்குப் படிப்பான். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி விண்வெளி ஆய்வு மையம் போன்ற இடங்களிலும் ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கான டெக்னீசியன் பணிகள் உண்டு; குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. இவையெல்லாம் நம் ஊரிலிருந்து ஒரு பகல் பயணத்தில் போய்ச் சேரும் தூரம்தான்.

மேலே படிக்கும் வழியைப் பற்றிப் பெற்றோர்களுக்கு இருக்கும் எண்ணம் முற்றிலும் பிழையானது. ஐ.டி.ஐ. போய்விட்டால் படிப்பு அதோடு முடிந்தது என்று நினைத்து, விருப்பமே இல்லாத பிள்ளையைக் கடன் வாங்கிப் பொறியியலில் சேர்க்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கையில் வேலையும் தெரிந்து, ஏட்டுப் படிப்பும் முடித்துவரும் அப்படிப்பட்ட பொறியாளருக்குத் தொழிற்சாலைகளில் கிடைக்கும் மதிப்பு தனி. டிப்ளமோ முடித்தவர்களுக்கு வேறொரு கதவும் உண்டு, அதைக் கடற்கரைக்காரர்களாகிய நாம் கட்டாயம் அறிய வேண்டும்: கப்பல்களில் மின் தொழில்நுட்ப அலுவலர் என்ற பணி. மத்தியக் கப்பல் துறை ஏற்ற பயிற்சிப் பள்ளிகளில் உரிய பயிற்சியை முடித்துத் தகுதி பெற்றால், சரக்குக் கப்பலின் ஜெனரேட்டர், சுவிட்ச்போர்டு, கிரேன், வழிகாட்டிக் கருவிகள் எல்லாம் அவர் பொறுப்பில் வரும். விசைப்படகுக்கு மேல் கடலில் வேறு வேலை இல்லை என்று நினைக்கும் ஊரில் இதைச் சொல்ல வேண்டியது நம் கடமை. இராமேசுவரத்திலும் பாம்பனிலும் அப்பாக்கள் எல்லையில் பிடிபட்டுப் படகையும் இழந்து திரும்பிய வீடுகளில், மகனைக் கடலுக்கு அனுப்ப மாட்டேன் என்று அம்மாக்கள் சொல்லும்போது, அவர்களுக்குக் காட்ட நம்மிடம் வேறு வழிகள் இருக்கத்தான் செய்கின்றன.

சூரிய மின்சாரத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த பல ஆண்டுகளுக்கு இந்த மாவட்டத்தில் மிகுதியாக வேலை வரப்போவது அங்கிருந்துதான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டம் நாடெங்கும் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. நம் ஊர் மொட்டை மாடிகளுக்கு வெயில் பஞ்சமில்லை. ஆனால் பொருத்த வரும் குழுக்கள் மதுரையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகின்றன. பழுது வந்தால் அவர்கள் திரும்பி வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஏன் செய்யவில்லை என்றால், அவர் படித்தது பெரும்பாலும் ஏ.சி. எனும் மாறுதிசை மின்சாரம்; சூரியத் தகடு தருவது டி.சி. எனும் நேர்திசை மின்சாரம். ஏ.சி. ஒவ்வொரு அரைச்சுற்றிலும் ஒருமுறை சுழியத்துக்கு இறங்குவதால் பொறி தானே அணைந்துவிடும். டி.சி. அப்படி இறங்காது. சூரியத் தகடுகளை வரிசையாக இணைத்த இடத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட், பெரிய நிலையங்களில் ஆயிரம் வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரைப் பிடுங்கினால் பொறி அணையாமல் நீண்டு கையையும் கருக்கிவிடும், கூரையையும் கொளுத்திவிடும். மின்சாரத்தை எங்கே நிறுத்திப் பிறகு எதைக் கழற்றுவது என்ற ஒழுங்கைக் கற்றுக் கொடுக்க மூன்று மாதப் பயிற்சி போதும். சூரியமித்ரா என்ற பெயரில் மத்திய அரசின் பயிற்சித் திட்டம் இதற்காகவே இருக்கிறது. நாட்டின் பெரிய சூரிய மின் நிலையங்களுள் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கும் மாவட்டத்தில் அந்தப் பயிற்சி ஆண்டு முழுவதும் நடக்க வேண்டும். செய்முறை வகுப்பு நிலையத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். மன்னார் வளைகுடாக் கடலில் காற்றாலைகள் நிறுவவும் மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட்டுக்கான நிதியுதவியை ஏற்றிருக்கிறது. கடல் தெரிந்த, உயரம் ஏறத் தெரிந்த, மின்பணியும் தெரிந்த ஆளை அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்? இப்போதே ஆயத்தம் செய்தால் அந்த ஆட்கள் நம் பிள்ளைகளாக இருப்பார்கள். மீனவர்களின் வாழ்வாதாரத்தைக் கேட்டுத்தான் அந்தத் திட்டம் நடக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டுப் பயணத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். கீழக்கரையும் பெரியபட்டினமும் பனைக்குளமும் சித்தார்கோட்டையும் சபர் போன பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் எழுந்து நின்ற ஊர்கள். ஆனால் எலக்ட்ரீஷியன் சான்றிதழோடு போன பிள்ளை ஹெல்பராகக் கையெழுத்திட்டுச் சிக்கிக்கொள்வதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? ஒப்பந்தத்தில் எந்த வேலைப் பெயர் எழுதியிருக்கிறதோ அந்தச் சம்பளம்தான் அங்கே கிடைக்கும். சவூதி அரேபியா இப்போது எலக்ட்ரீஷியன் விசாவுக்கு இந்தியாவிலேயே திறன் தேர்வு வைத்துச் சரிபார்க்கிறது. வேலை தெரிந்தவனுக்கு இது நன்மையே. பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாய்க்கும் அதற்கான வரிக்கும் மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்று 1978இலிருந்து இருப்பதையே நம் கரையில் பலர் கேள்விப்பட்டதில்லை. நகையை அடகு வைத்துத் தரகரிடம் இலட்சக்கணக்கில் கொடுத்துவிட்டுக் கண்கலங்கி நிற்கும் குடும்பங்கள் இந்த ஒரு செய்தியால் தப்பிக்கும்.

சொந்தமாகத் தொழில் தொடங்க விரும்புவோருக்கு மாவட்டத் தொழில் மையத்தில், புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் ஐ.டி.ஐ. தகுதியே போதுமானது, மானியத்துடன் கடன் கிடைக்கும். மோட்டார் வைண்டிங் பட்டறையும் படகு வயரிங் கடையும் இங்கே என்றும் ஓடும். மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களில் கரையேறிய விசைப்படகுகளுக்கு வயரிங் பார்க்க ஆள் கிடைக்காமல் உரிமையாளர்கள் அலைவதை மண்டபத்தில் ஆண்டுதோறும் காணலாம். கற்பிப்பதில் நாட்டமுள்ளவர்கள் ஓராண்டுப் பயிற்றுநர் படிப்பை முடித்து ஐ.டி.ஐ. பயிற்றுநராகலாம், நல்ல பயிற்றுநர் ஒருவர் ஓர் ஊரையே தூக்கிவிடுவார்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலக்ட்ரீஷியன் பிரிவு அவர்களுக்கும் உரியது. அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. படிப்புக்கும் கிடைக்கிறது. பேனல் அமைத்தல், மீட்டர் சோதனை, கட்டுப்பாட்டு அறைப் பணி ஆகியவற்றில் பொறுமையும் கவனமும்தான் முதல் தகுதி. தங்கும் விடுதியும் பேருந்து வசதியும் இருந்தால் தொண்டியிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் மாணவிகள் வருவார்கள்.

நான் கேட்பவற்றைத் திட்டவட்டமாக எழுதுகிறேன். மின் உரிம வாரியத்துக்கான விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்பும் முகாமை ஆட்சியர் அலுவலகம் ஆண்டுக்கு இருமுறை இராமநாதபுரத்திலும் இராமேசுவரத்திலும் நடத்த வேண்டும். மின் ஆய்வுத் துறை அலுவலர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். மின்கம்பியாள் உதவியாளர் தேர்வுக்கான செய்முறை மையம் நம் மாவட்டத்து ஐ.டி.ஐ. ஒன்றில் அமைய வேண்டும்; தேர்வின் அறிவிப்பு மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிலும் பள்ளிவாசல், கோவில், தேவாலய அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்டப்பட வேண்டும். பழகுநர் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களின் பட்டியலும் அவற்றின் காலியிடங்களும் வெளியாக வேண்டும். ஒப்பந்தக்காரர் வழியாக வேலை செய்தவருக்கு அனுபவச் சான்று தர மறுப்பது பற்றிப் புகார் கொடுக்க ஒரு மேசை வேண்டும். மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் நவீனத் தொழில்நுட்பம் கற்பிக்கும் தொழில் 4.0 மையங்கள் அமைக்கப்பட்டதுபோல, கடலோர மின்பணிக்கென்று உப்பு அரிப்பு, எர்த் அளவு, இறால் பண்ணைப் பாதுகாப்பு, படகு வயரிங், சூரிய டி.சி. ஆகியவை அடங்கிய குறும்பயிற்சி ஒன்றும் இங்கே தொடங்கப்பட வேண்டும்.

இவற்றுள் முகாமை மட்டுமாவது இவ்வாண்டுத் தொழிற்தேர்வு முடிவுகள் வரும் முன்பே நடத்திவிடலாம். அதற்குப் புதிய நிதியோ புதிய கட்டடமோ தேவையில்லை. படிவங்களைப் பார்த்துத் திருத்தவும், அனுபவச் சான்றின் வாசகத்தைச் சரிசெய்யவும், உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்கள் சிலர் ஊதியம் எதுவும் இல்லாமல் வந்து உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறோம். நாளையும் இடத்தையும் தெரிவித்தால் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மண்டபம் வட்டாரத்து மின்பணி ஒப்பந்தக்காரர் ஒருவர்